அடுப்படிக் கணக்கு

(தோட்டக் கிளைச் சங்கத்தின் மாதர் பகுதிக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட சொற்பொழிவு)



சம்பளத்தைப் பற்றி இந்த மேடையில் பேசியவர்கள் பலர். சம்பளம் கைக்கு வந்த பிறகு என்ன நடக்கிறது என்பதைப் பற்றிப் பேச எனக்குப் பணித்திருக்கிறார்கள். "சமையலைப் பற்றிப் பேசவா சங்க மேடை?" என்று சிலர் கேட்கலாம். சங்கம் வாதாடி வாங்கித் தந்த உயர்வு பத்தே நாளில் கடைக்காரர் புத்தகத்தில் கரைந்து போகுமானால், அது சங்கத்தின் கவலை இல்லையா? எண்ணிப் பாருங்கள்.

நான் படித்தவள் அல்ல. பால்வெட்டுக் குடும்பத்தில் பிறந்து, நானும் மரம் வெட்டி, பிறகு ஆயாக் கொட்டகையில் பல ஆண்டுகள் பிள்ளைகளைப் பார்த்துக் கொண்டவள். ஆகவே கண்டதையும் பட்டதையும் மட்டுமே சொல்லப் போகிறேன்.

1968-ஆம் ஆண்டு. நான் நான்காம் வகுப்பில் படித்துக் கொண்டிருந்தேன். அட்டையில் 555 என்று போட்ட சின்னப் புத்தகத்தை உங்களில் பலர் அறிவீர்கள். கடையில் கடன் எழுதும் புத்தகம் அது. மாதக் கடைசியில் அம்மா என்னைக் கடைக்கு அனுப்பினார். அரிசியும் கருவாடும் கேட்டேன். கடைக்காரர் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அப்பாவை வரச் சொல்" என்று மூடி வைத்துவிட்டார். வெறுங்கையோடு வீடு திரும்பினேன். அன்று இரவு எங்களுக்கு மரவள்ளிக் கிழங்கும் வெறுந்தேநீரும்தான். அப்பாவும் அம்மாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

அடுத்த சம்பளத்தன்று அம்மா ஒரு காரியம் செய்தார். அவருக்கு எழுதத் தெரியாது. தாமே ஒரு 555 புத்தகம் வாங்கி வந்து என் கையில் கொடுத்தார். "கடைக்காரரிடம் ஒரு புத்தகம் இருக்கிறது. நம்மிடமும் ஒன்று இருக்கட்டும். நான் சொல்கிறேன், நீ எழுது" என்றார். அன்றிலிருந்து என்ன வாங்கினோம், என்ன சமைத்தோம் என்று தினமும் எழுதினேன். மூன்று மாதம் சென்று அதைப் புரட்டிப் பார்த்தபோதுதான் ஓர் உண்மை தெரிந்தது. கடன் மாத நடுவில் தொடங்கவில்லை. ஒவ்வொரு மாதமும் 28-ஆம் தேதிக்குப் பிறகே தொடங்கியது!

இதன் காரணத்தைக் கேளுங்கள். ஒரு மாதம் நான்கு வாரம் என்று நாம் மனக்கணக்குப் போடுகிறோம். நான்கு வாரம் என்பது 28 நாள். பிப்ரவரியைத் தவிர்த்து மற்ற மாதங்களுக்கு 30 அல்லது 31 நாள். மிஞ்சி நிற்கும் அந்த இரண்டு மூன்று நாளுக்கு நம்மிடம் பணம் இல்லை. அந்த நாட்களில் வாங்கிய கடனை அடுத்த சம்பளத்தில் அடைக்கிறோம். அதனால் அடுத்த மாதம் இன்னும் முன்னதாகவே பணம் தீர்ந்து விடுகிறது. இப்படித்தான் கழுத்தளவு கடன் ஏறுகிறது.

ஆகவே நான் முதலில் சொல்வது இதுதான். சம்பளம் வந்த அன்று மாலை கணவனும் மனைவியும் சேர்ந்து உட்காருங்கள். ஒருவர் மட்டும் கணக்குப் பார்த்தால் மற்றவருக்குச் சந்தேகம் வரும். சந்தேகம் வந்தால் சண்டை வரும். மின்சாரம், தண்ணீர், பள்ளிப் பஸ், கடன் தவணை, சங்கச் சந்தா ஆகியவற்றை முதலில் எடுத்து வையுங்கள். பிறகு அரிசி, பருப்பு, எண்ணெய், மிளகாய்த்தூள் போன்ற மாதச் சாமான்கள். மிச்சத்தை நான்காகப் பிரிக்காமல் ஐந்து உறையில் போடுங்கள். நான்கு உறை நான்கு வாரத்துக்கு. ஐந்தாவது சின்ன உறை அந்தக் கடைசி மூன்று நாளுக்கு. வீடு தீப்பற்றினால் ஒழிய அந்த உறையைத் தொடாதீர்கள்.

இரண்டாவது, வாரச் சமையலை முன்கூட்டியே எழுதி வையுங்கள். மரம் வெட்டுகிறவள் விடியுமுன் எழுந்து, பெரட்டுக்கு ஓடி, வெட்டி, பால் எடுத்து, நிறுத்துக் கொடுத்து வீடு வரும்போது உச்சி வெயில். அந்தக் களைப்பில் "இன்று என்ன சமைப்பது?" என்று யோசித்தால், கால் தானாகக் கடைப் பக்கம் போகும். கை ஒரு சார்டின் டின்னை எடுக்கும். யோசனையை ஞாயிற்றுக்கிழமையே முடித்துவிட்டால் அந்தச் செலவு இல்லை.

ஐந்து பேர் உள்ள ஒரு வீட்டுக்கு நான் எழுதிக் கொடுக்கும் வழக்கமான வாரம் இது.

ஞாயிறு: பசாருக்குப் போகும் நாள். கோழியோ மீனோ அன்று மட்டும். தலையையும் எலும்பையும் எறியாமல் ரசத்துக்கு வையுங்கள்.

திங்கள்: பருப்பும் கத்திரிக்காயும் போட்ட சாம்பார், கீரைப் பொரியல்.

செவ்வாய்: நெத்திலிச் சம்பல், கங்குங் கீரை. நெத்திலியை முள்ளோடு தின்பதால் எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து பிள்ளைகளுக்குக் கிடைக்கிறது.

புதன்: முட்டைக் குழம்பு, பயற்றங்காய்.

வியாழன்: கருவாட்டுக் குழம்பு, வாழைப்பூ அல்லது வாழைத்தண்டு.

வெள்ளி: மரக்கறி. பருப்பு, முருங்கைக்கீரை, ரசம்.

சனி: தவ்வு அல்லது தெம்பே வறுவல். கூடவே பயற்றுமுளை. கடையில் தவ்கே என்று விற்கிறார்களே, அதுதான். ஒரு பிடி பச்சைப்பயற்றை ஊறவைத்து ஈரத்துணியில் கட்டினால் அது வீட்டிலேயே முளைக்கும்.

இதை அப்படியே பின்பற்றச் சொல்லவில்லை. உங்கள் வீட்டு வழக்கப்படி மாற்றிக் கொள்ளுங்கள். ஆனால் இதில் ஒரு முறை இருக்கிறது. ஒவ்வொரு நாளும் சோற்றோடு பருப்போ, பயறோ, முட்டையோ, மீனோ ஏதாவது ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு நாளும் கீரையோ காயோ இருக்கிறது. நமது சுகாதார அமைச்சு "சுக்கு சுக்கு செபாரோ" என்று சொல்கிறது. தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன் முட்டை பருப்பு வகை, பாதித் தட்டு காயும் பழமும் என்பது அதன் பொருள். நம் வீடுகளில் இது தலைகீழாக இருக்கிறது. தட்டு நிறையச் சோறு, ஓரத்தில் தொட்டுக்கொள்ளக் குழம்பு! 2019-ஆம் ஆண்டு நடந்த தேசிய சுகாதார ஆய்வில், நாட்டின் பெரியவர்களில் 18.3 சதவீதத்தினருக்கு நீரிழிவு இருப்பது தெரிந்தது. இந்தியரிடையே அந்த விகிதம் இன்னும் அதிகம். தேநீரில் போடும் சீனியையும் கலர்த் தண்ணீரையும் குறைத்தால் காசும் மிச்சம், காலும் மிச்சம்.

பாதித் தட்டுக் காய்க்குப் பணம் எங்கே என்று கேட்பீர்கள். வீட்டைச் சுற்றிப் பாருங்கள். ஒரு முருங்கைக் கொம்பு, இரண்டு கத்திரிச் செடி, ஒரு வாழை, பாத்திரம் கழுவிய தண்ணீர் ஓடும் இடத்தில் கொஞ்சம் கங்குங். இதற்கு நிலம் அதிகம் வேண்டாம். மருந்தடித்த இடத்தில் மட்டும் கீரை பறிக்காதீர்கள். மரவள்ளி நட்டாலும் நல்லதே. ஜப்பானியர் ஆட்சியில், 1942 முதல் 1945 வரை, நம் முன்னோர் பலரின் உயிரைப் பிடித்து வைத்தது அந்தக் கிழங்குதான். ஆனால் அதைத் தோலுரித்து, நன்றாக வேகவைத்து, நீரை வடித்துவிட்டே உண்ண வேண்டும். அதில் மாவுதான் அதிகம். அதோடு நெத்திலியோ பருப்போ சேராவிட்டால் வயிறு நிறையும், உடம்பு தேறாது.

தாய்மார்களே! அடுத்து நான் சொல்வது ஆயாக் கொட்டகையில் கண்டது. சில கைக்குழந்தைகள் போத்தலோடு வரும். போத்தலில் இருப்பது டின் பாலைக் கரைத்த தண்ணீர். இது புதிய தவறு அல்ல. 1939-ஆம் ஆண்டில் சிங்கப்பூர் ரோட்டரி சங்கக் கூட்டத்தில் சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் மருத்துவர், "பாலும் கொலையும்" என்று தலைப்பிட்டே பேசினார். இனிப்பூட்டிய டின் பாலைக் கைக்குழந்தைகளுக்கு ஊட்டுவதை அவர் கடுமையாகக் கண்டித்தார். இன்று கடையில் விற்கும் டின்களில் பலவற்றின் மேல் "கிரீமர்" என்றே எழுதியிருக்கிறது. படித்துப் பாருங்கள். அதில் பெரும்பகுதி சீனியும் செம்பனை எண்ணெயும். அது தேநீருக்கு நிறம் தரும், குழந்தைக்கு வளர்ச்சி தராது. தாய்ப்பாலுக்கு ஈடு எதுவும் இல்லை. பாலூட்டும் தாயும் நன்றாக உண்ண வேண்டும்.

தாய் நன்றாக உண்கிறாளா? இங்கே இருக்கும் ஆண்மக்கள் என்னை மன்னிக்க வேண்டும். நம் வீடுகளில் கடைசியாக உண்பவள் யார்? சட்டியை வழித்து உண்பவள் யார்? விடிந்ததும் அதே வாளியைத் தூக்கிக் கொண்டு அதே மரத்துக்குப் போகிறவள் அவளும்தானே! முட்டை ஐந்து என்றால் ஐந்து பேருக்கும் ஒவ்வொன்று. பரிமாறுவதற்கு முன்பே பங்கு வைத்து விடுங்கள். மிச்சம் பிடிப்பது சிக்கனம். வீட்டுக்காரி பட்டினி கிடப்பது சிக்கனம் அல்ல.

கிராணிமார் வீடுகளுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் சம்பளம் மழைக்குக் குறைவதில்லை. ஆனால் தவணைச் சாமான், கைப்பேசிக் கட்டணம், பிள்ளைகள் தினமும் வாங்கும் நொறுக்குத் தீனி ஆகியவை சத்தமில்லாமல் தின்றுவிடும். ஒரு நாளைக்கு 3 வெள்ளி வீணானால் மாதம் 90 வெள்ளி, ஆண்டுக்கு 1,080 வெள்ளி. 2025-ஆம் ஆண்டில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி ஆயிற்று. வாரத்தில் ஆறு நாள் வேலை செய்கிறவருக்கு அது நாளொன்றுக்கு 65 வெள்ளி 38 காசு. அப்படியானால் அந்த மூன்று வெள்ளி, ஆண்டில் பதினாறு நாள் கூலிக்கும் மேல்! ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்று பெரியவர்கள் சொன்னது சும்மா இல்லை.

பால்வெட்டுத் தோழர்களுக்கோ மழையும் இலையுதிர் காலமும் இருக்கின்றன. பட்டை நனைந்தால் கத்தி வைக்க முடியாது. மரம் இலை உதிர்த்தால் பால் குறையும். இது ஆண்டுதோறும் வருவதுதானே? பால் பெருகும் மாதங்களில் வாரம் ஒரு கிலோ பருப்போ அரிசியோ கூடுதலாக வாங்கித் தகரப் பெட்டியில் வையுங்கள். கையில் பணமாக இருந்தால் கரைந்துவிடும். சில சமயம் அது கள்ளாகவும் சம்சுவாகவும் கரையும். பெட்டியில் பருப்பாக இருந்தால் மழை மாதத்தில் சோற்றோடு சேரும்.

தனி வீட்டால் முடியாதது நான்கு வீடு சேர்ந்தால் முடியும். வெங்காயம், பருப்பு, எண்ணெய் ஆகியவற்றை நான்கு குடும்பம் சேர்ந்து பட்டணத்து மொத்தக் கடையில் ரொக்கத்துக்கு வாங்கிப் பிரித்துக் கொள்ளுங்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், துன் சம்பந்தன் அவர்கள் 1960-ஆம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டத் தொழிலாளர் சிறுகச் சிறுகச் செலுத்திய பங்குப் பணத்தைக் கொண்டு அந்தச் சங்கம் தோட்டங்களையே வாங்கியது. தோட்டம் வாங்கிய நம்மால் ஒரு மூட்டை பருப்பைச் சேர்ந்து வாங்க முடியாதா?

நமக்கு உரியதைக் கேட்டு வாங்கவும் கூச்சப்படாதீர்கள். வசதி குறைந்த ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்கு உணவு வழங்கும் திட்டம் 1979-ஆம் ஆண்டிலேயே தொடங்கியது. பள்ளிக்குச் சென்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள். அது பிச்சை அல்ல, நம் வரிப்பணம்.

தோழர்களே! ஒன்றைத் தெளிவாகச் சொல்லி முடிக்கிறேன். "இவர்களுக்குச் சிக்கனம் தெரியவில்லை, அதனால்தான் போதவில்லை" என்று முதலாளிமார் சொல்லக் கூடும். அதற்கு நான் துணை போக மாட்டேன். எவ்வளவு சிக்கனமாக இருந்தாலும் போதாத சம்பளம் போதாததுதான். அதை வாயால் சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஐந்து பேர் உள்ள குடும்பம் மாதம் முழுவதும் அளந்து சமைத்து, ஒரு காசு வீணாக்காமல், தினமும் எழுதி வைத்து, கடைசியில் இத்தனை வெள்ளி குறைகிறது என்று காட்டினால், அந்தச் சின்னப் புத்தகத்துக்கு யார் மறுப்புச் சொல்ல முடியும்? சம்பளப் பேச்சுக்குப் போகும் நம் தலைவர்களின் கையில் அது இருக்கட்டும்.

ஆகவே அடுத்த சம்பளத்தன்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு 555 புத்தகம் வாங்குங்கள். எழுதத் தெரியாதவர்கள் பள்ளிப் பிள்ளையை விட்டு எழுதச் சொல்லுங்கள். அந்தப் பிள்ளைக்குக் கணக்கும் வரும், பெற்றோர் படும் பாடும் தெரியும். மூன்று மாதம் கழித்து நாம் மீண்டும் கூடும்போது அந்தப் புத்தகங்களைக் கொண்டு வாருங்கள். உங்கள் வீட்டில் எந்தத் தேதியில் பணம் தீர்கிறது என்று ஒன்றாக உட்கார்ந்து பார்ப்போம்.

என் அம்மா எழுதச் சொன்ன புத்தகத்தின் ஏழாம் மாதப் பக்கத்தில், 31-ஆம் தேதிக்கு நேராக, "சோறு, பருப்பு, முருங்கைக்கீரை. கடன் இல்லை" என்று நான் எழுதியிருக்கிறேன். அந்த வரி உங்கள் வீட்டுப் புத்தகத்திலும் வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.