சாயமும் சிறுநீரகமும்



இருதய இரத்தக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்க ஆஞ்சியோகிராம் என்னும் படம் எடுக்கிறார்கள். அதற்கு அயோடின் கலந்த சாயம் ஒன்றைச் செலுத்துகிறார்கள். அதை வெளியேற்ற வேண்டியது சிறுநீரகம். அது முன்பே பழுதாயிருந்து, நீரிழிவும் சேர்ந்திருந்தால், சாயத்தால் இன்னும் கெட்டுப் போகலாம்.

தடுக்க வழியென்ன? 2000-ம் வருஷத்தில் பெர்லின் வைத்தியர்கள் 83 பேர்களிடம் சோதித்து, அசிட்டைல்சிஸ்டீன் என்னும் மருந்து காப்பாற்றுகிறது என்று எழுதினார்கள். பல தேசங்களிலும் அதைக் கொடுத்து வந்தார்கள். ஆனால், "பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள்" என்று விஞ்ஞானம் சும்மா இருந்துவிடவில்லை. 2018-ல் வெளியான பரீட்சையில் சுமார் 5,000 பேரில் ஒரு பாதிக்கு அம்மருந்தும், மறுபாதிக்கு மருந்தில்லாத போலி மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். பலனில் வித்தியாசமில்லை என்று தெரிந்தது. தெரிந்ததை ஒளிக்காமல் அச்சிட்டார்கள். எந்தச் சாஸ்திரமாவது தன்னை இப்படிச் சோதனைக்கு விட்டதுண்டா?

சோதனையில் பொய்த்தது போக, செய்ய வேண்டியது சொற்பமே. முன்கூட்டி இரத்தத்தில் கிரியாட்டினின் அளவைப் பார்ப்பது. சாயத்தைக் கூடியவரை குறைப்பது. உடம்பில் நீர் வற்றவிடாமல், வேண்டியவருக்கு உப்புநீர் ஏற்றுவது. இவ்வளவுதான்.

ஆகையால், வேண்டுதல் என்று பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் பட்டினி கிடந்து படத்திற்குப் போகாதீர்கள். எவ்வளவு குடிக்கலாம் என்று வைத்தியரையே கேளுங்கள். தின்னும் வலி மாத்திரையையும், நாட்டு மருந்தையும் அவரிடம் மறைக்காதீர்கள். அதற்காக, மாரடைப்பு வந்தவன் சாயத்திற்குப் பயந்து படமே வேண்டாமென்பதும் மடமையேயாகும். பயமும் வேண்டாம், பக்தியும் வேண்டாம், கேள்வி கேளுங்கள்!