யாருக்குப் பதிலாக யார்?



அண்ணாமலையார் ஊரான திருவண்ணாமலையில் விவிலியம் பேசுவது புதிதல்ல. டேனிஷ் மிஷன் பள்ளி இருக்கிற ஊர் இது. கொடுங்கோல் நாடுகளைக் கற்பனை செய்த நாவல்களுக்குள் விவிலிய வசனங்கள் நுழைந்தபோது அன்புக்கு என்ன ஆயிற்று? இதுவே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

மார்கரெட் அட்வுட்டின் ‘தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்’ 1985இல் வெளிவந்தது. ஆதியாகமம் 30ஆம் அதிகாரத்தில், பிள்ளையில்லாத ராகேல் தன் பணிப்பெண் பில்காளைக் கணவன் யாக்கோபிடம் அனுப்புகிறாள். நாவலில் வரும் கிலெயாத் அரசு இதையே சட்டமாக்கிவிடுகிறது. பிள்ளை பெறக்கூடிய பெண்கள் அதிகாரிகளின் வீடுகளில் ஒப்படைக்கப்படுகிறார்கள். எசமானனின் பெயரே அவர்களுக்கும் பெயர். விவிலியம் பூட்டிக் கிடக்கும். பெண்கள் வாசிக்கக் கூடாது. கதாநாயகிக்கு வாசிக்க மிஞ்சியது அறையில் கிடக்கும் ஒரு சின்னத் திண்டு. அதில் ‘விசுவாசம்’ என்று பூவேலை செய்திருக்கிறது. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில் விசுவாசம், நம்பிக்கை, அன்பு மூன்றும் சேர்ந்தே வரும். அவற்றுள் அன்புக்கே முதலிடம். மற்ற இரண்டு திண்டுகளும் எங்கே போயின என்று அவள் யோசிக்கிறாள். கீழ்ப்படிதலை மட்டும் கேட்கிற அரசுக்கு ஒரு திண்டு போதும்.

ஆர்வெல்லின் ‘1984’ (1949) இன்னும் கடுமையானது. சித்திரவதைத் துறைக்குப் பெயரே அன்பு அமைச்சகம். கடவுளை அன்பு என்கிறது யோவானின் முதல் நிருபம். சிறையில் உடைந்துபோன நாயகன் வின்ஸ்டனோ கடவுளை அதிகாரம் என்று எழுதுகிறான். அரசுக்கு அதுவும் போதவில்லை. 101ஆம் அறையில் எலிக்கூண்டு முகத்தருகே வந்ததும், தனக்குப் பதில் காதலி ஜூலியாவைப் பிடிக்கச் சொல்லி அலறுகிறான். நண்பனுக்காக உயிரைக் கொடுப்பதே தலையாய அன்பு என்கிறது யோவான் சுவிசேஷத்தின் 15ஆம் அதிகாரம். அதைத் தலைகீழாகப் புரட்டிய காட்சியாகவே நான் இதை வாசிக்கிறேன்.

தமிழில் ஜெயமோகனின் ‘பின்தொடரும் நிழலின் குரல்’ கற்பனை நாட்டைத் தேடிப் போகவில்லை. சோவியத்தில் நடந்த கொடுமையையே எடுத்துக்கொண்டது. அதன் நாயகனுக்கு நம் மலையின் பெயர்: அருணாசலம். தொழிற்சங்கக்காரர். சோவியத் தலைவர்களில் ஒருவரான புகாரினுக்கு நேர்ந்ததை அறிந்து மனம் பேதலிக்கிறார். கிறிஸ்துவும் அந்த நாவலுக்குள் வருகிறார். ஆனால் அருணாசலத்தைத் தாங்கிப் பிடிப்பது மனைவி நாகம்மைதான்.

வரலாற்றிலும் அப்படியொரு மனைவி உண்டு. 1937இல் கைதாவதற்கு முன் புகாரின் தன் இறுதிக் கடிதத்தை மனைவி அன்னா லாரினாவுக்கு மனப்பாடம் செய்வித்தார். காகிதமாக இருந்தால் பிடிபடும். மறு ஆண்டு அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அன்னா சிறையிலும் முகாமிலும் அதை மனத்துக்குள் சொல்லிச் சொல்லிக் காப்பாற்றினார். புகாரின் மீதான பழி அதிகாரபூர்வமாக நீங்கியது 1988இல்.

கொடுங்கோலுக்கு ஆள் முக்கியமில்லை. ராகேலுக்குப் பதில் பில்காள், வின்ஸ்டனுக்குப் பதில் ஜூலியா என்று யாரையும் யாருக்குப் பதிலாகவும் வைக்கலாம். இன்னொருவரைத் தன் இடத்தில் தள்ளிவிட மறுப்பதே அன்பு. அன்னா செய்தது அதற்கும் மேல்: கணவர் பேச முடியாத காலத்தில் அவர் குரலைத் தான் சுமந்தார். கார்த்திகை தீபத்தன்று நம் கோயிலில் வெளியே வரும், சிவனும் சக்தியும் ஓருடலான அர்த்தநாரீசுவரர் நமக்குச் சொல்வதும் இந்த உறவைத்தான்; அங்கே யாரும் யாருக்கும் மாற்று அல்ல.

எந்த வேதமானாலும், எந்தக் கட்சியானாலும், வசனம் சொல்லித் தியாகம் கேட்பவர்களிடம் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இதற்கு விலை கொடுக்கப்போவது நீங்களா, வேறொருவரா?