கிளாஸும் ஆப்ஜெக்டும்: மாலை வகுப்பில் எழுந்த வினாக்கள்



வெள்ளி விழா மேடையில் கணினி மொழி எதற்கு எனச் சிலர் எண்ணலாம். நம் மாலை வகுப்பில் ஜாவா பயிலும் பிள்ளைகள், அனைவரும் கலைந்த பின்னரே தயங்கித் தயங்கி ஐயம் கேட்கின்றனர். ஆகவே அவ்வினாக்களை எல்லோர் முன்னிலையிலும் வைக்கத் துணிந்தோம்.

கிளாஸ் என்பது யாது, ஆப்ஜெக்ட் என்பது யாது? அரசின் மேனிலைக் கணினிப் பாடநூல் கிளாஸை 'இனக்குழு' என்கிறது. பிறப்பைச் சொல்லி ஒதுக்கப்பட்ட நமக்கு அச்சொல் சற்றே உறுத்தத்தான் செய்யும். ஆனால் இது பிறப்பன்று. ஒருவர் சிந்தித்து எழுதிய வரைபடம். அம்பத்தூர்த் தொழிற்பேட்டைப் பட்டறைகளில் 'டிராயிங்' என்பார்களே, அதுதான். டிராயிங் ஒன்று, அதைப் பார்த்து லேத்தில் கடைந்தெடுக்கும் உருப்படிகள் நூறு. 'நியூ' என்று எழுதும்போது கடைந்து வருவதே ஆப்ஜெக்ட். 1967இல் நார்வே நாட்டினரான டாலும் நிகார்டும் சிமுலா மொழியில் தந்த இக்கருத்து, 1995இல் வெளிவந்த ஜாவாவுக்கும் அடிப்படையாயிற்று.

பலரை இடறச் செய்வது அடுத்த வினா. நம் மாணவி ஒருவர் 'மாணவர்' என்னும் கிளாஸை எழுதி, அதிலிருந்து ஓர் ஆப்ஜெக்டை உண்டாக்கி 'அ' என்னும் மாறியில் வைத்தார். பின்னர் 'ஆ = அ' என எழுதி, 'ஆ'வின் மதிப்பெண்ணை 90 ஆக்கினார். 'அ'வின் மதிப்பெண்ணும் 90 ஆகிவிட்டது! கணினியைக் கெடுத்துவிட்டோமோ என அஞ்சி, இரண்டு நாள் அவர் எவரிடமும் வாய் திறக்கவில்லை. எதுவும் கெடவில்லை. மாறியில் இருப்பது ஆப்ஜெக்ட் அன்று. அது இருக்குமிடத்தைக் காட்டும் முகவரிச் சீட்டு. ஆவடியிலுள்ள ஒரு வீட்டின் முகவரியை இரண்டு சீட்டுகளில் எழுதினால் வீடு இரண்டாகுமா? ஒரு சீட்டோடு சென்றவர் கதவுக்கு நீலம் பூசினால், மற்றச் சீட்டோடு செல்பவரும் நீலக் கதவையே காண்பார். இரண்டாம் வீடு வேண்டுமெனில் மீண்டும் 'நியூ' எழுதியாக வேண்டும். எழுதப்படாத வெற்றுச் சீட்டே 'நல்'. அதை நம்பிக் கதவைத் தட்டப் போனால் நிரல் பிழை காட்டி நின்றுவிடும்.

இது விளங்கினால் மூன்றாவது வினா எளிது. இரண்டு மாணவர் ஆப்ஜெக்டுகளில் பெயரும் மதிப்பெண்ணும் ஒன்றாயிருந்தும், இரட்டைச் சமக்குறி 'இல்லை' என்பது ஏன்? இரு சீட்டும் ஒரே வீட்டைக் காட்டுகின்றனவா என்று மட்டுமே அது பார்க்கிறது. உள்ளிருப்பதை ஒப்பிட 'ஈக்குவல்ஸ்' வேண்டும். நாம் எழுதும் கிளாஸுக்கு அதையும் நாமே எழுத வேண்டும். எவை ஒத்திருந்தால் இரண்டும் சமம் என்பதை அங்கே எழுதுகிறவரே முடிவு செய்கிறார்.