தமிழ் வாத்தியாரிடம் கேட்கப்படும் பொய்கள்



தமிழ் படிப்பிக்கிற ஒருவரிடம் ஊரவர்கள் என்ன கேட்டு வருவார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். கலியாணம் என்றால் வாழ்த்துப்பா. புத்தகம் என்றால் அணிந்துரை. பிள்ளை வேலைக்குப் போகிறது என்றால் நற்சான்றிதழ். சாவீடு என்றால் கல்வெட்டு. கணக்கு வாத்தியாரை இப்படி யாரும் தேடிப் போவதில்லை. இரண்டும் இரண்டும் ஐந்து என்று எழுதித் தாருங்கள் என அவரிடம் கேட்க முடியாதல்லவா? எங்களிடம் கேட்கலாம் என்று நினைக்கிறார்கள். கேட்டதில் எவ்வளவை எழுதிக் கொடுக்கலாம் என்பது பற்றி எனக்குச் சில அபிப்பிராயங்கள் உண்டு. அவற்றை ஒளிவுமறைவின்றிச் சொல்கிறேன்.

வாய்மை அதிகாரத்தின் இரண்டாம் குறளை எங்களில் பலர் ஒரு அனுமதிச்சீட்டைப் போலச் சட்டைப்பையில் வைத்திருக்கிறோம். நன்மை வருமானால் பொய்யும் சொல்லலாம் என்று வள்ளுவரே சொல்லிவிட்டார் என்கிறோம். அவர் அந்த நன்மைக்கு முன்னால் ஓர் அடை வைத்திருக்கிறார்: அது குற்றமற்ற நன்மையாக இருக்க வேண்டும். மேற்கோள் காட்டும்போது அடை மட்டும் எங்கேயோ தவறிப் போய்விடுகிறது.

வாழ்த்துப்பாவில் எனக்குச் சிக்கல் இல்லை. மாப்பிள்ளையை முருகன் என்றும் பெண்ணை வள்ளி என்றும் எழுதினால் எவரும் ஏமாறுவதில்லை. சபையிலுள்ளவர்கள் மாப்பிள்ளையை நேரே பார்த்துக்கொண்டுதானே இருக்கிறார்கள்!

கல்வெட்டு அப்படியல்ல. கல்லில் வெட்டாத இந்தக் கல்வெட்டை, 31ஆம் நாள் வீட்டுக்கிருத்தியத்துக்கு வந்தவர்களின் கையில் கொடுக்கும் அந்தச் சிறு புத்தகத்தை, யாழ்ப்பாணத்தாருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. முகப்பில் படம், உள்ளே தேவாரம், திதி வெண்பா, வாழ்க்கை வரலாறு, வம்சாவழி, மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், கடைசியில் நன்றி நவிலல். இதில் திதி வெண்பா ஒன்றுதான் பொய் சொல்ல முடியாத பகுதி. வருடமும் மாதமும் பட்சமும் திதியும் பிழைத்தால் திவசமே பிழைத்துவிடும். மற்றப் பகுதிகளில் நாங்கள் தாராளமாக இருக்கிறோம். கல்வெட்டுகளை மட்டும் நம்பினால் எங்கள் ஊர்களில் கோபக்காரரோ கஞ்சரோ ஒருவர்கூட இறந்ததில்லை.

இறந்தவரைக் கூட்டிச் சொல்வதை நான் பெரிய குற்றமாக எண்ணவில்லை. அவர் இனி அந்தப் புகழைக் கொண்டு யாரிடமும் கடன் வாங்கப் போவதில்லை. எனக்கு உறுத்துவது, விட்டுவிடப்படுகிற உயிரோடிருப்பவர்கள்.

ஒரு வீட்டில் தாயார் ஏழு வருடம் படுக்கையில் கிடந்து காலமானார். கல்வெட்டுக்கென்று என்னிடம் தரப்பட்ட குறிப்பில் வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகளுக்கு ஒன்றரைப் பக்கம்: யார் வீட்டைத் திருத்தியது, யார் கிணற்றுக்கு மோட்டார் பூட்டியது, யார் கோயில் உபயத்துக்கு அனுப்பியது என்று எல்லாம் இருந்தது. தாயைத் தூக்கி இருத்தி, கழுவித் துடைத்து, ஊட்டிய மகளுக்கு 'கடைசி மகளும்' என்ற இரண்டு சொற்கள். அவருக்குக் கலியாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்பதும் அந்த ஏழு வருடத்துக்குள் இருக்கிறது. அவருக்கு ஒரு பந்தி வேண்டும் என்றேன். "அது வீட்டு விடயம் மாஸ்டர், எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே" என்றார் மூத்தவர். எல்லாருக்கும் தெரிந்ததை எழுதுவதில் என்ன தயக்கம் என்று கேட்டேன். பந்தி அச்சாகியது. மூத்தவர் இப்போது என்னோடு கதைப்பது குறைவு.

பணம் அனுப்பியவர்களைக் குறைத்துச் சொல்லவில்லை. பனியில் இரண்டு வேலை செய்து அனுப்பிய காசு அது. ஆனால் காசுக்குப் பற்றுச்சீட்டு இருக்கிறது. இரவில் கண்விழித்ததற்கு இல்லை. 2005ஆம் ஆண்டு தொடங்கிய 'நூலகம்' இணையத்தளம் இத்தகைய நினைவு மலர்களையும் சேகரித்து மின்வடிவில் வைத்திருக்கிறது. நாளைக்கு ரொறன்ரோவிலிருந்து ஒரு பேரப்பிள்ளை தேடினால் வீட்டார் வாய்க்கதை கிடைக்காது. நாங்கள் எழுதியதுதான் கிடைக்கும்.

நூல் வெளியீட்டு விழாவுக்கு வருவோம். விளக்கேற்றி, முதற் பிரதி கொடுத்து, சிறப்புப் பிரதிகளுக்குப் பெயர் கூப்பிட்டு முடியும்போது ஆய்வுரைக்குப் பத்து நிமிடம் மிஞ்சும். பேசுபவர் அட்டைப்படத்தைப் புகழ்ந்து, அணிந்துரையிலிருந்து இரண்டு வசனம் வாசித்து இறங்கிவிடுவார். பள்ளிப் பிள்ளையின் முதல் தொகுப்பென்றால் நானும் தட்டிக் கொடுப்பேன். ஐந்தாவது தொகுப்போடு வருகிறவரிடம் அப்படிச் செய்தால், கைதட்டலுக்கு விலை கொடுப்பவர் ஆயிரம் ரூபா கொடுத்துப் புத்தகம் வாங்கிப் போகிற வாசகர். 2022இல் கடதாசித் தட்டுப்பாட்டினால் மேல் மாகாணப் பாடசாலைகளில் தவணைப் பரீட்சைகளையே பிற்போட்டார்கள். அவ்வளவு அருமையான பொருளில் எதை அச்சிடுகிறோம் என்று ஒருவராவது கேட்க வேண்டாமா? எழுத்துப் பிரதியாக இருக்கும்போதே என் கருத்தைச் சொல்லிவிடுவது என் வழக்கம். அதனால் விழா அழைப்பிதழ்களில் என் பெயர் அதிகம் வருவதில்லை.

நற்சான்றிதழில் மட்டும் நான் வேண்டுமென்றே கொஞ்சம் மறதிக்காரன். பதினாறு வயதில் மதிலேறிக் குதித்ததையும் வாங்கு மேசையில் பெயர் வெட்டியதையும் எழுத மாட்டேன். அதற்கான தண்டனையை அன்றே அனுபவித்துவிட்டான். ஆனால் காசு கையாளும் வேலைக்குப் போகிறவனைப் பற்றி 'மிகவும் நம்பிக்கையானவர்' என்று நான் அறியாமல் எழுதித் தரச் சொன்னால், அறிந்ததை மட்டுமே எழுதுவேன். தகப்பன்மார் கோபிக்கிறார்கள்.

போன கிழமையும் கல்வெட்டுக்கென்று ஒரு வீட்டார் வந்தார்கள். பிள்ளைகளின் பெயரும் அவர்கள் இருக்கும் நாடுகளும் ஒழுங்காக எழுதப்பட்டிருந்தன. இரவில் வைத்தியசாலையில் நின்றது யார் என்று கேட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.