அரை மணி நேரச் சோறு

பின்னி மில்லை நேரில் பார்க்காதவர்களும் அதன் பாழடைந்த கட்டடங்களைச் சினிமாச் சண்டைக் காட்சிகளில் பார்த்திருப்பீர்கள். வடசென்னை பெரம்பூர்ப் பக்கம், பக்கிங்காம், கர்நாடிக் என்று இரண்டு மில்கள். ஆயிரக்கணக்கான பேர் நூற்றுக்கொண்டும் நெய்துகொண்டும் இருந்த இடம். அங்கே நூறாண்டுக்கு முன்னால் மத்தியானச் சோற்றுக்கு விட்ட நேரத்தைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

அரை மணி நேரம். அதற்குள் மிஷினை விட்டு வரவேண்டும், கை கழுவ வேண்டும், சாப்பிட வேண்டும், திரும்பவும் மிஷின் முன்னால் நிற்க வேண்டும். கொஞ்சம் பிந்தினால் கூலியில் கைவைப்பார்கள். இந்தக் குறையையெல்லாம் தொழிலாளர்கள் முதலில் சொன்னது எந்தத் தலைவரிடமும் இல்லை. மில்லுக்குப் பக்கத்தில் கடை வைத்திருந்த செல்வபதி செட்டியாரிடமும் இராமானுஜலு நாயுடுவிடமும்தான். அவர்கள் காது கொடுத்துக் கேட்டார்கள். கேட்டதோடு நிற்காமல், அன்னி பெசன்ட் அம்மையாரின் 'நியூ இந்தியா' பத்திரிகையில் இருந்த பி.பி. வாடியாவைப் போய் அழைத்துவந்தார்கள். 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. வாடியா தலைவர். திரு.வி.க. துணைத் தலைவர்களில் ஒருவர். இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று வரலாற்றாசிரியர்கள் இதைத்தான் குறிப்பிடுகிறார்கள்.

சங்கம் முதலில் கேட்டுப் பெற்றது என்ன தெரியுமா? சோற்றுக்குக் கூடுதலாகப் பத்து நிமிடம். அரை மணி, நாற்பது நிமிடமானது. நிதானமாக நான்கு கவளம் சாப்பிட முடிந்தவனுக்கு அந்தப் பத்து நிமிடத்தின் அருமை தெரியும்.

1920 கடைசியில் பெரிய மோதல் வந்தது. கதவடைப்பு, வேலைநிறுத்தம், டிசம்பரில் துப்பாக்கிச் சூடு. நிர்வாகம் உயர்நீதிமன்றத்துக்குப் போனது. வேலை ஒப்பந்தத்தை மீறும்படி தொழிலாளர்களைத் தூண்டினார்கள் என்று வாடியா உள்ளிட்டோர் மேல் நஷ்டஈடு கேட்டு வழக்கு. நீதிமன்றம் தடையுத்தரவு போட்டது. அன்றைய சட்டத்தில் சங்கத்துக்கு எந்தப் பாதுகாப்பும் கிடையாது. தொழிற்சங்க வேலையை விட்டு வாடியா விலகிக்கொள்வது என்ற நிபந்தனையில்தான் அந்த வழக்கு ஓய்ந்தது.

அடுத்த வருஷம் நடந்ததைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. 1921-இல் மாதக்கணக்கில் நீண்ட வேலைநிறுத்தம். அடிக்கடி வந்த வேலைநிறுத்தங்களைத் தாங்க ஆதிதிராவிடத் தொழிலாளர் வீட்டில் சேமிப்பு ஏது? ஒருநாள் கூலி நின்றால் அன்றே அடுப்பு அணையும். அவர்களில் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினார்கள். மற்றவர்கள் அதைத் துரோகம் என்றார்கள். புளியந்தோப்பில் கலவரம் மூண்டது, குடிசைகள் எரிந்தன. மறுபடியும் துப்பாக்கிச் சூடு, மறுபடியும் சாவு. வேலைநிறுத்தம் தோற்றது. திரு.வி.க.வை நாடு கடத்தப்போவதாகக் கவர்னர் வில்லிங்டன் மிரட்டியதைப் பலரும் பெருமையாக நினைவுகூர்வார்கள். எரிந்த குடிசைகளை அவ்வளவாக யாரும் நினைப்பதில்லை. மில்லுக்குள் ஒன்றாக நின்றவர்களை வெளியே சாதி பிரித்துவைத்திருந்தது. சங்கம் அதைச் சரிசெய்யவில்லை, அதற்கான விலையைக் கொடுத்தது என்பது என் எண்ணம்.

வாடியா வழக்கு மட்டும் வீண்போகவில்லை. அதே 1921-இல் என்.எம். ஜோஷி மத்திய சட்டசபையில் தொழிற்சங்கங்களுக்குச் சட்டப் பாதுகாப்புக் கேட்டுத் தீர்மானம் கொண்டுவந்தார். 1926-இல் தொழிற்சங்கச் சட்டம் நிறைவேறியது. ஏழு பேர் சேர்ந்து மனுக்கொடுத்துச் சங்கத்தைப் பதிவு செய்ய அது அன்று வழிவிட்டது. தொழில் தகராறின்போது வேலையை நிறுத்தச் சொன்னதற்காகப் பதிவுபெற்ற சங்கத்தின் மேல் சிவில் வழக்குப் போட முடியாமல் ஆனது. வாடியாவை எதைச் சொல்லி மடக்கினார்களோ, அந்த வாசலையே இந்தச் சட்டம் அடைத்துவிட்டது.

இனி பெரம்பூரிலிருந்து சுங்குவார்சத்திரத்துக்கு வருவோம். 2024 செப்டம்பர் 9 அன்று அங்கே சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். குளிர்சாதனப் பெட்டியும் துணி துவைக்கும் மிஷினும் செய்கிற ஆலை. ஆயிரம் பேருக்கு மேல் வெளியே பந்தலில் உட்கார்ந்தார்கள். கூலி உயர்வும் கேட்டார்கள், ஆனால் முதல் கோரிக்கை சங்கத்தைப் பதிவுசெய்து அங்கீகரிக்க வேண்டும் என்பதுதான். நிறுவனத்தின் பெயரைச் சங்கம் தன் பெயரில் வைத்துக்கொள்ளக் கூடாது என்று நிர்வாகம் ஆட்சேபித்தது. அந்தப் பொருள்களைச் செய்கிற கைகளுக்கு அந்தப் பெயரைச் சொல்லிக்கொள்ள உரிமை இல்லையா என்று அப்போது எனக்குள் கேட்டுக்கொண்டேன். 37 நாள் கழித்து வேலைநிறுத்தம் முடிந்தது. விஷயம் உயர்நீதிமன்றம் வரைக்கும் போய், 2025 ஜனவரியில்தான் சங்கம் பதிவானது. சங்கத்தின் பெயரில் சாம்சங்கும் இருக்கிறது.

பிப்ரவரியில் அந்தச் சங்கத்தின் நிர்வாகிகள் மூன்று பேரைப் பணியிடைநீக்கம் செய்தார்கள். தொழிலாளர்கள் மறுபடி உட்கார்ந்துவிட்டார்கள். இந்தத் தடவை வெளியே பந்தலில் இல்லை, ஆலைக்கு உள்ளேயே.