உடைமையும் வேற்றுமையும்: கராச்சாய்–பல்கார் மொழி காட்டும் நெறி



காக்கேசிய மலைத்தொடரில், எல்புரூஸ் சிகரத்தைச் சூழ்ந்த பள்ளத்தாக்குகளில் வழங்குவது கராச்சாய்–பல்கார் மொழி. துருக்கிய மொழிக் குடும்பத்தின் கிப்சாக் பிரிவைச் சேர்ந்தது. பெயரின் பின்னே உருபுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டி நிற்பது அதன் இயல்பு.

அம்மொழியில் வேற்றுமைகள் ஆறு. 'எல்' என்றால் ஊர். 'எல்தெ' ஊரில்; 'எல்தென்' ஊரிலிருந்து; 'எல்கெ' ஊருக்கு. 'எல்னி' என்னும் ஒரே வடிவம் 'ஊரினது' என்றும் 'ஊரை' என்றும் பொருள்படும். தொடரை நோக்கியே பொருள் தெளிய வேண்டும்.

உடைமை உணர்த்தும் முறையோ இன்னும் நுட்பமானது. தமிழில் 'என் ஊர்' என்னும்போது உடையவர் பெயருக்கு முன்னே தனிச்சொல்லாக நிற்கிறார். அங்கே அவர் பெயருக்குள்ளேயே புகுந்துவிடுகிறார். 'எலிம்' என் ஊர். 'எலிங்' உன் ஊர். 'எலிபிஸ்' நம் ஊர். வேற்றுமை உருபு அதற்கும் பின்னரே வரும். 'எலிம்தென்' என்றால் 'என் ஊரிலிருந்து'. ஊருக்கும் பிரிவுக்கும் நடுவே 'என்' என்பது அகலாமல் நிற்கிறது. நான்காம் வேற்றுமையிலோ ககர ஒலி கெட்டு, 'எலிமெ' என்றே சொல் முடிகிறது. 'என் ஊருக்கு' என்பது அதன் பொருள்.

இவ்விலக்கணத்தை வரலாறு கடுமையாகச் சோதித்தது. 1943 நவம்பரில் கராச்சாய் மக்களும், 1944 மார்ச்சில் பல்கார் மக்களும் சோவியத் அரசால் மத்திய ஆசியாவுக்கு நாடுகடத்தப்பட்டனர். கொல்லராக உழைத்த முதுபெருங்கவிஞர் கியாசிம் மேச்சியேவ் 1945இல் கஜகஸ்தானில் மறைந்தார். போரில் காயமுற்ற கவிஞர் கைசின் குலியேவுக்கு விலக்கு இருந்தும், அவர் தம் மக்களுடன் வாழக் கிர்கிஸ்தான் சென்றார். தாயகம் திரும்பும் உரிமை 1957இல் கிட்டியது. அதுவரை 'எலிமெ' என்னும் சொல் நாவில் இருந்தது. அது காட்டிய வழியே அடைபட்டிருந்தது. மேச்சியேவின் எச்சங்கள் 1999இல்தான் நால்ச்சிக் நகருக்குக் கொண்டுவரப்பட்டன.

இன்று அம்மக்கள் தம் ஊர்களில் வாழ்கின்றனர். ஆயினும் மொழிக்கு அச்சம் நீங்கவில்லை. யுனெஸ்கோவின் அட்டவணை அதனை நலிவுறக்கூடிய மொழிகளுள் வைத்தது. 2018ஆம் ஆண்டு ரஷ்யச் சட்டத்தின்படி, பள்ளியில் தாய்மொழி கற்பது பெற்றோர் விருப்பத்தைப் பொறுத்ததாயிற்று. ஊர் மீண்டும் கிடைத்த பின்னும், அதனை 'எலிம்' என்று அழைக்கும் நா வேண்டும். குழந்தை அவ்வாறு சொல்லும் வரையில்தான் அவ்வுருபுக்கு வாழ்வு. அதனைச் சொல்லத் தூண்டும் பாடலை ஆக்கித் தருவது கவிஞர் கடமை.