சூழ்ந்தாடும் கலை



பலகையில் ஆடும் அறிவாட்டங்கள் பல. அவற்றுள், பல நூற்றாண்டுகளாக அடிப்படை மாறாது வாழ்ந்துவரும் ஆட்டம் ஒன்றைப் பற்றி இன்று சில சொல்ல விழைகின்றேன். அது சீன நாட்டில் பிறந்தது. அந்நாட்டார் அதனை ‘வெய்ச்சி’ என்பர். சூழ்ந்தாடும் ஆட்டம் என்பது அதன் பொருள். கொரியர் ‘பாடுக்’ என்றும், ஜப்பானியர் ‘இகோ’ என்றும் வழங்குவர். மேலை நாட்டார் ஜப்பானியரிடமிருந்து கற்றமையால், உலகில் ‘கோ’ என்ற பெயரே பரவிற்று.

ஆடும் முறை எளிது. பலகையில் நெடுக்காக 19 கோடுகளும் குறுக்காக 19 கோடுகளும் உண்டு. அவை ஒன்றையொன்று வெட்டும் புள்ளிகள் 361. காய்களைக் கட்டங்களுக்குள் வைப்பதில்லை. இப்புள்ளிகளின்மேல் வைத்தல் வேண்டும். ஒருவரிடம் 181 கருங்காய்கள். மற்றவரிடம் 180 வெண்காய்கள். கருங்காய் உடையவர் தொடங்க, இருவரும் மாறிமாறி ஒவ்வொரு காயாக வைப்பர். சதுரங்கத்தைப் போல் இதில் அரசனும் இல்லை, மந்திரியும் இல்லை. எல்லாக் காய்களும் ஒரே தரத்தன. வைத்த காயை நகர்த்தவும் இயலாது.

அப்படியாயின் போர் எங்ஙனம் நிகழும்? ஒரு காயை ஒட்டிக் கோட்டின் வழியே உள்ள வெற்றுப் புள்ளிகளைச் சீனர் அக்காயின் ‘மூச்சு’ என்பர். நடுவில் நிற்கும் தனிக்காய்க்கு நான்கு மூச்சு, ஓரத்தில் மூன்று, மூலையில் இரண்டே. ஒரே நிறக் காய்கள் அடுத்தடுத்து நின்றால் ஒரு கூட்டமாகி, மூச்சைப் பகிர்ந்துகொள்ளும். எதிரி அம்மூச்சு அனைத்தையும் அடைத்துவிட்டால் அக்கூட்டம் பலகையினின்றும் அகற்றப்படும். ஆனால், ஒரு கூட்டம் தன்னுள் இரண்டு தனித்தனி வெற்றிடங்களைக் காத்துக்கொண்டால் அதனை எவராலும் வெல்ல இயலாது. இரண்டையும் ஒரே நேரத்தில் அடைக்க முடியாதன்றோ? இவ்வெற்றிடங்களுக்குக் ‘கண்’ என்று பெயர். இரு கண் உடையது வாழும். ஒரு கண் உடையது வீழும்.

முடிவில், மிகுதியான இடத்தைச் சூழ்ந்தவரே வென்றவர். எதிரியை அடியோடு அழித்தல் இதன் நோக்கமன்று. எல்லாவற்றையும் பற்ற முனைபவர் உள்ளதையும் இழப்பர். வலிமை குன்றியவர் 9 காய்கள் வரை முன்னரே வைத்துக்கொண்டு ஆடவும் வழக்கம் இடந்தருகின்றது. ஆதலின் ஆசிரியரும் மாணவரும் சரிநிகராக அமர்ந்து ஆடலாம்.

இவ்வாட்டத்தின் பழமைக்குச் சான்றுகள் உள. கி.மு. 548-ஆம் ஆண்டின் நிகழ்ச்சியொன்றை உரைக்குமிடத்தில், சீனரின் பழைய வரலாற்று நூலொன்று இதனை உவமையாக எடுத்தாள்கின்றது. 1952-இல் சீனத்து ஹெபெய் மாநிலத்தில் பழைய கல்லறையொன்றில் கிடைத்த கற்பலகையில் 17 கோடுகளே உள்ளன. 19 கோடுகள் பின்னர் நிலைபெற்றன. 17-ஆம் நூற்றாண்டில் ஜப்பானை ஆண்ட தோக்குகாவா அரசு, இக்கலையில் வல்ல நான்கு குடிகளுக்கு மானியம் அளித்துப் போற்றியது.

இனி நம் காலத்திற்கு வருவோம். 2016-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம், கொரியத் தலைநகர் சியோலில், ‘ஆல்பாகோ’ என்னும் கணிப்பொறி நிரலும் லீ செடோல் என்னும் பெருவீரரும் ஐந்து ஆட்டங்கள் ஆடினர். பொறி நான்கில் வென்றது. நான்காம் ஆட்டத்தில் மட்டும், எவரும் எதிர்பாராத 78-ஆம் காயை வைத்து லீ செடோல் வெற்றி கண்டார். 2019-இல் அவர் போட்டிகளினின்றும் ஓய்வு பெற்றார்; பொறியை இனி வெல்ல இயலாது என்பதையும் ஒரு காரணமாகக் கூறினார்.

இதனைச் சொன்னால் மாணவர் பலர் என்னைக் கேட்பதுண்டு: “ஐயா, பொறியே வென்றுவிடுமாயின் நாம் ஏன் கற்கவேண்டும்?” இக்கேள்வி இவ்வாட்டத்தோடு நிற்பதன்று. கணக்கிற்கும் கட்டுரைக்கும் மொழிபெயர்ப்பிற்கும் இதே கேள்வி இன்று எழுகின்றது. ஆதலின் இதனைப் புறக்கணித்தல் தகாது.

கி.மு. நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த சீன அறிஞர் மென்சியஸ் ஒரு கதை கூறினார். யீ ச்சியு என்பவர் இவ்வாட்டத்தில் நாட்டிலேயே தலைசிறந்தவர். அவரிடம் இருவர் பயின்றனர். ஒருவன் உள்ளத்தை ஒருமுகப்படுத்திக் கேட்டான். மற்றவனும் கேட்டான், ஆனால் அவன் நினைவெல்லாம் வானில் வரவிருக்கும் அன்னத்தை எய்வதிலேயே இருந்தது. ஒரே ஆசான், ஒரே பாடம். எனினும் இரண்டாமவன் பின்தங்கினான். அவனுக்கு அறிவு குறைவா? இல்லை, கருத்து அங்கில்லை என்பதே மென்சியஸ் உணர்த்திய உண்மை.

பொறி நமக்காகக் காய் வைக்கலாம். நமக்காகக் கருத்தூன்ற அதனால் இயலாது. மிதிவண்டி வந்தபின்னும் நடப்பவன் கால்தான் வலுப்பெறுகின்றது. கொரியாவிலும் சீனத்திலும் இளைஞர் இன்றும் இவ்வாட்டத்தைப் பயில்கின்றனர். தம்மை வென்ற பொறியின் ஆட்டங்களையே பாடமாகக் கொண்டு ஆராய்கின்றனர். தோல்வியிலிருந்து கற்பவனுக்குப் பொறியும் ஓர் ஆசானே.

விலையுயர்ந்த பலகை தேவையில்லை. தாளொன்றில் நெடுக்கும் குறுக்கும் ஒன்பது கோடுகள் வரையுங்கள். தொடக்கநிலையினர்க்கு அதுவே போதும். வெண்காய்க்குச் சோழியும் கருங்காய்க்குப் புளியங்கொட்டையும் கொள்ளுங்கள். நண்பர் ஒருவரை எதிரே அமர்த்தி ஆடிப் பாருங்கள். அரைமணி நேரம் அன்னத்தை மறந்திருக்க உங்களால் இயலுமா என்பது அப்போது தெரிந்துவிடும்.